வன்னியிற் பிரித்தானிய ஆட்சியின் தோற்றமும் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் அனுபவமும்

முன்னுரை

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில், நெளுக்குளத்துக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் பூவரசங்குளம். மரத்தின் பெயரும் குளத்தின் பெயரும் இணைந்து ஊர்ப்பெயராதல் வன்னிப் பெருநிலப்பரப்பிற் பெருவழக்காகும். குளம் இன்றேல் வயல் இல்லை. வயல் இன்றேல் ஊர் இல்லை. குளக்கட்டைப் பேணுதல், துருசைத் திறத்தல், நீரைப் பங்கிடுதல், காட்டை வெட்டிச் சேனை செய்தல் ஆகியவற்றை யார் எவ்வாறு தீர்மானிப்பது என்பதே இத்தகைய ஊர்களின் அரசியலாகப் பன்னெடுங்காலம் இருந்துவந்தது. ஆட்சிமாற்றங்களைப் பற்றிய பெருவரலாற்று நூல்களில் இவ்வூர்களுக்கு இடமில்லை. எனினும் ஆட்சியின் இயல்பை அளந்தறிதற்குத் தலைநகரைக் காட்டிலும் இத்தகைய ஊர்களே ஏற்ற களங்கள் எனலாம்.

வன்னிநாட்டு வரலாறு குறித்துத் தமிழில் நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் வன்னியரின் தோற்றம், வன்னிமைகளின் அமைப்பு என்பவற்றையே மையமாகக் கொண்டன. பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இல் வெளியிட்ட ‘வன்னியர்’ என்னும் நூல் இத்துறையில் முதன்மையானது. வன்னிமைகள் அழிந்தபின் அவற்றின் இடத்தில் எவ்வகை அரசாங்கம் நிறுவப்பட்டது, அது ஏன் அவ்வடிவத்தைப் பெற்றது என்னும் வினாக்கள் ஒப்பீட்டளவிற் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு இலங்கைச் சான்றுகள் மட்டும் போதியனவல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரித்தானியர் வட அமெரிக்காவிற் பதின்மூன்று குடியேற்ற நாடுகளை இழந்தனர். அவ்விழப்பின் அடுத்த தலைமுறையிலே இலங்கையின் கரையோரப் பகுதிகளைப் பெற்றனர். அங்கு இழந்தமைக்கும் இங்கு ஆண்டமைக்கும் இடையேயுள்ள தொடர்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1619ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

1619ஆம் ஆண்டு இரு நாடுகளின் வரலாற்றிலும் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டிலே போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிச் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தான். ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு முடிவுற்றது. அதே ஆண்டு யூலை மாத இறுதியில், 1607இல் அமைக்கப்பட்ட ஆங்கிலக் குடியேற்றமான வேர்ஜீனியாவின் யேம்ஸ்ரவுணில், குடியேறியோரின் பிரதிநிதிகள் ஒரு தேவாலயத்திற் கூடினர். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நடத்திய முதலாவது பிரதிநிதிகள் சபை அதுவேயாகும். அடுத்த ஆண்டு ‘மேபிளவர்’ என்னும் கப்பலில் வந்திறங்கிய யாத்திரிகருள் நாற்பத்தொருவர், தமக்கெனத் தாமே சட்டங்களை இயற்றிக்கொள்வதாக ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர்.

இவ்விரு தொடக்கங்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஒரு வேறுபாடு தெளிவாகும். வேர்ஜீனியாவிலே குடியேற்றக்காரரின் சபை குடியேற்றக்காரருக்காகவே கூடியது. அந்நிலத்துக்குரிய பவற்றான் மக்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. சபை கூடிய சில வாரங்களிலேயே ஆபிரிக்கர் அடிமைகளாக வேர்ஜீனியாவிற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கும் அதில் இடமிருக்கவில்லை. எனவே அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் சுயாட்சி மரபு தொடக்கத்திலேயே எல்லையிடப்பட்ட மரபாகும். இவ்வுண்மையை மறந்து அமெரிக்கரையும் வன்னி மக்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. வேர்ஜீனியாவின் தோட்ட உரிமையாளனுக்கு நிகரானவன் வன்னியில் இல்லை. வன்னியின் குடிமகனுக்கு நிகரானவன் அமெரிக்கக் காட்டின் பழங்குடி மகனேயாவான். இவ்வேறுபாட்டை இக்கட்டுரை முழுவதும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஒல்லாந்தரும் வன்னிமைகளும்

யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோதும் வன்னி வீழ்ந்துவிடவில்லை. அடங்காப்பற்று என வழங்கிய இப்பெருநிலத்தில் பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவாடி முதலிய பற்றுக்களை வன்னியர் ஆண்டுவந்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியரிடமிருந்து ஆண்டுதோறும் யானைகளைத் திறையாகப் பெறுவதோடு அமைந்தனர். அவ்யானைகள் யாழ்ப்பாணத்தில் தென்னிந்திய வணிகருக்கு விற்கப்பட்டுக் கம்பனிக்கு நல்வருவாய் தந்தன. திறை யானையாக இருந்தவரையிற் கம்பனியின் அதிகாரம் ஊருக்குள் நுழையவில்லை என்பது நோக்கற்பாலது. யானை பிடித்துக் கொடுக்கவேண்டிய பொறுப்பு வன்னியனுடையது. வயலும் குளமும் அவனது மேலாண்மையிலும் ஊராரின் வழமையிலும் இயங்கின.

திறை நிலுவையாக நிற்பதும், வன்னியர் கம்பனி அதிகாரிகளின் முன்னிலையில் வர மறுப்பதும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஒல்லாந்தரின் முறைப்பாடுகளாக இருந்தன. பனங்காமத்துக் கயிலாய வன்னியன் இவ்வகையிற் புகழ்பெற்றவன். ஒல்லாந்தக் கம்பனிக்கு ஆண்டுத் திறையைவிட நேரடி வருமானமே இலாபகரமானதாகத் தோன்றிய காலத்தில் மோதல் தவிர்க்கமுடியாததாயிற்று. 1782இல் ஒல்லாந்தர் படைவலியால் வன்னிமைகளை அடக்கினர். வன்னியில் எதிர்கொண்ட உறுதியான எதிர்ப்பைப் பிற்காலத்தில், 1895இல், வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை எழுதிய சிவில் சேவையாளர் யே. பி. லூயிஸ் விதந்து குறிப்பிட்டுள்ளார். அதன்பின் முல்லைத்தீவை இருப்பிடமாகக் கொண்டு வன்னியை நிருவகித்த தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய அறிக்கை, அக்கால வன்னியின் நிலையை அறிய உதவும் முக்கியமான சான்றாகும். திறைநாடு வருமான நாடாக மாறியமையை அவ்வறிக்கையிற் காணலாம்.

1782ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் கருத்துக்குரியது. அமெரிக்கக் கிளர்ச்சியாளருடன் ஒல்லாந்தர் வணிகத் தொடர்பு வைத்திருந்தமை காரணமாக 1780 திசெம்பரிற் பிரித்தானியா ஒல்லாந்தின்மீது போர் தொடுத்தது. அப்போரின் விளைவாக 1782 சனவரியில் ஆங்கிலக் கடற்படை திருகோணமலையைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஓகஸ்ற் இறுதியிற் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சப்ரேன் அதனை மீட்டான். அமெரிக்காவின் சுதந்திரப் போர் அத்திலாந்திக் கரையோடு நின்றுவிடவில்லை. தென்னமரவாடிக்குத் தெற்கே உள்ள துறைமுகம்வரை அதன் அலை வந்து மோதியது. வன்னியின் வீழ்ச்சியும் ஐக்கிய அமெரிக்காவின் எழுச்சியும் ஒரே பேரரசுப் போட்டியின் காலத்தில் நிகழ்ந்தவை.

இழப்பின் பாடம்

பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் ஏன் பிரிந்தன என்பதற்குப் பிரித்தானிய அரசியலாளர் கண்ட விடை, அமெரிக்கர் கண்ட விடையிலிருந்து வேறுபட்டது. 1765இன் முத்திரைச் சட்டத்தையும் 1773இல் பொஸ்ரன் துறைமுகத்திலே கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலையைக் கடலிற் கொட்டியமையையும் தொடர்ந்து எழுந்த போராட்டத்தில், பிரதிநிதித்துவம் இன்றி வரி விதித்தல் தகாது என்பதே அமெரிக்கர் கொள்கையாயிற்று. 1776இல் அவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். 1787இற் பிலடெல்பியாவிற் கூடி அரசியற்றிட்டத்தை வகுத்தனர். 1789இல் வோசிங்டன் முதலாவது சனாதிபதியாகப் பதவியேற்றார். ஆளப்படுவோரின் இசைவே ஆட்சியின் அடிப்படை என்னும் கொள்கை அரசாங்க வடிவம் பெற்றது. அவ்வரசியற்றிட்டமே அடிமைகளைப் பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்கினராக எண்ணியது என்பதும், வரி செலுத்தாத பழங்குடியினரைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்பதும் உடனெண்ணத் தக்கவை.

பிரித்தானிய அரசியலாளர் பலர் கற்ற பாடமோ மறுதலையானது. குடியேற்ற நாட்டுச் சபைகள் வரவுசெலவைத் தம் கையில் வைத்திருந்தமையாலேயே தேசாதிபதிகள் வலிமை இழந்தனர் என அவர்கள் கருதினர். புதிதாகக் கைப்பற்றப்படும் நாடுகளிற் சபைகளுக்கு இடமளிக்கலாகாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அதற்கான சட்ட அடிப்படை புரட்சிக்கு முன்னரே இடப்பட்டிருந்தது. 1774இற் கிறனாடாத் தீவு பற்றிய வழக்கிலே, வெற்றிகொள்ளப்பட்ட நாட்டின் பழைய சட்டங்கள் மாற்றப்படும்வரை நிலைக்கும் எனவும், சபையொன்று வாக்களிக்கப்படாதவரையில் முடியே அந்நாட்டுக்குச் சட்டமியற்றலாம் எனவும் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். அதே ஆண்டின் குவிபெக் சட்டம், பிரெஞ்சு மக்களின் சிவில் சட்டத்தைப் பேணியது. ஆனால் தெரிவுசெய்யப்பட்ட சபையை அளிக்காது தேசாதிபதியையும் நியமன சபையையும் மட்டுமே அளித்தது. பின்னர் 1810இல், திரினிடாட் தீவுக்குச் சபை வேண்டுமெனக் கேட்டோருக்கு லிவர்பூல் பிரபு இசைவு மறுத்தமை இக்கொள்கையின் முதிர்ந்த வடிவமாகும். முடிக்குரிய குடியேற்ற நாடு எனப்படும் ஆட்சிமுறை இவ்வாறு உருப்பெற்றது.

பழைய சட்டம் பேணப்படும். சட்டமியற்றும் உரிமை மட்டும் அளிக்கப்படாது. இவ்விரு கூறுகளையும் இலங்கையில் அப்படியே காண்கின்றோம். 1799 செப்தெம்பர்ப் பிரகடனம் ஒல்லாந்தர் கால உரோம-டச்சுச் சட்டத்தைத் தொடரச் செய்தது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து முடித்த தேசவழமைக்கு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி சட்டவலு அளித்தது. தேசவழமை காக்கப்பட்டமையைப் பிரித்தானியரின் பெருந்தன்மையாகப் போற்றுவோர் உளர். அது பெருந்தன்மையின் விளைவன்று. வெற்றிகொண்ட நாடுகளை ஆளுதற்கென வகுக்கப்பட்ட பொதுமுறையின் ஒரு பகுதியே என்பதைக் குவிபெக்குடன் ஒப்பிடும்போது உணரலாம்.

நோர்த் தேசாதிபதியும் பண்டார வன்னியனும்

1795 ஓகஸ்ற் மாதம் திருகோணமலையும், செப்தெம்பர் இறுதியில் யாழ்ப்பாணமும், ஒக்ரோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவும் ஆங்கிலேயர் வசமாயின. 1796 பெப்ரவரியிற் கொழும்பு சரணடைந்தது. சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி நடத்திய ஆட்சி இரண்டாண்டுகூட அமைதியாகச் செல்லவில்லை. பழைய முதலிமாரை ஒதுக்கிச் சென்னையிலிருந்து வருமான அதிகாரிகளை இறக்கியமையும் தென்னை மரத்துக்கு வரி விதித்தமையும் 1797இற் கரையோர மாகாணங்களிற் கிளர்ச்சியை மூட்டின. பொஸ்ரனிலே தேயிலையின் பேரால் எழுந்த வினாவே இங்குத் தென்னையின் பேரால் எழுந்தது, கம்பனியும் ஒன்றே. விடைதான் வேறு. தேசாதிபதி ஒருவர் அனுப்பப்பட்டார். 1802 சனவரி முதலாந் திகதி இலங்கையின் கரையோரம் முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. மக்கள் சபை எதுவும் அமைக்கப்படவில்லை.

அத்தேசாதிபதி யார் என்பது சிந்திக்கத் தக்கது. 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்ட பிரெடறிக் நோர்த், அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை இழந்த காலத்திற் பிரித்தானியாவின் பிரதம மந்திரியாக இருந்த நோர்த் பிரபுவின் இளைய மகனாவார். 1802 மார்ச் மாதம், இலங்கையின் ஒல்லாந்தப் பகுதிகளைப் பிரித்தானியாவுக்கு உறுதிப்படுத்திய ஏமியன்ஸ் உடன்படிக்கையிற் பிரித்தானியாவின் சார்பிற் கையொப்பமிட்டவர் கோண்வாலிஸ் பிரபு. 1781இல் யோர்க்ரவுணில் வோசிங்டனின் படையிடம் சரணடைந்த தளபதியும் அவரே. அமெரிக்காவைத் தோற்ற குடும்பமும் தளபதியும் இலங்கையைப் பெற்ற வரலாற்றிலும் இடம்பெறுதலைத் தற்செயல் எனக் கொள்ளலாம். பேரரசை ஆளும் குழாம் சிறியது. ஒரே பெயர்கள் மீண்டும் மீண்டும் வருதல் இயல்பே. ஆனால் அவர்கள் செயற்பட்ட ஆட்சி ஒழுங்கு தற்செயலானதன்று. அது இழப்பின் அனுபவத்தால் வார்க்கப்பட்டது.

1803இல் நோர்த் கண்டியின்மீது மேற்கொண்ட படையெடுப்பு பெருந்தோல்வியில் முடிந்தது. யூன் மாதத்திற் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டது. இவ்வேளையிற் பண்டார வன்னியன் கண்டியரின் துணையுடன் எழுந்து, ஓகஸ்ற் 25ஆந் திகதி முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த படைப்பிரிவு தளபதி வொன் டிறிபேர்க்குடன் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. பின்னர் பல திசைகளிலிருந்தும் படைகள் வன்னியினுள் அனுப்பப்பட்டன. ஒக்ரோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான். வென்றவர்கள் அவ்விடத்தில் நாட்டிய நடுகல்லே தோற்றவனின் நினைவையும் காத்துத் தந்தது என்பது வரலாற்றின் முரண்நகையாகும்.

பண்டார வன்னியனை வோசிங்டனுடன் ஒப்பிடும் மேடைப்பேச்சுக்கள் உண்டு. அவ்வொப்புமை வரலாற்று நோக்கிற் பொருந்தாது. தன் இனத்தவர் ஆண்ட பேரரசுக்கு எதிராக, அப்பேரரசின் சட்டமொழியிலேயே உரிமை கோரியவர் வோசிங்டன். பண்டார வன்னியனுக்கு அத்தகைய மேல்முறையீட்டு மன்றம் எதுவும் இருக்கவில்லை. அவனோடு ஒப்பிடத்தக்கவர் 1763இல் ஆங்கிலக் கோட்டைகளைத் தாக்கிய பொன்ரியாக், 1813இல் களத்தில் வீழ்ந்த ரெக்கும்சே ஆகிய அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களே. இரு வல்லரசுகள் போட்டியிட்ட இடைவெளியில் தன்னாட்சியைக் காக்க முயன்றமை, அயலரசொன்றின் துணையை நாடியமை, அத்துணை தளர்ந்ததும் தனித்து நின்றமை ஆகிய மூன்று கூறுகளும் இவர்களுக்குப் பொதுவானவை. இவ்வாறு கூறுதல் பண்டார வன்னியனின் பெருமையைக் குறைப்பதாகாது. அவன் எதிர்கொண்ட நெருக்கடியின் உண்மையான அளவைக் காட்டுவதாகும்.

1833இன் அரசாங்க அமைப்பு

இலங்கையின் நவீன அரசாங்கத்துக்கு அடித்தளமிட்டது 1829இல் வந்த கோல்புறூக்-கமறன் ஆணைக்குழுவாகும். அவர்களின் விதப்புரைகளின்படி இராசகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. கண்டியும் கரையோரமும் ஓர் ஆட்சியின்கீழ் இணைக்கப்பட்டன. நாடு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. வட மாகாணம் யாழ்ப்பாணம், மன்னார், வன்னி ஆகியவற்றோடு நுவரகலாவியவையும் உள்ளடக்கியது. 1873இல் வட மத்திய மாகாணம் அமைந்தபோதே நுவரகலாவிய பிரிந்தது. சட்டநிரூபண சபையில் உத்தியோக உறுப்பினர் ஒன்பதின்மரும் உத்தியோகப்பற்றற்றோர் அறுவரும் இடம்பெற்றனர். பின்னவருள் ஐரோப்பியர் மூவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். அறுவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டோரே. தமிழரின் ஓரிடத்துக்கு 1835இல் நியமிக்கப்பட்டவர், பொன்னம்பலம் இராமநாதனின் தாய்வழிப் பாட்டனாராகிய குமாரசாமி முதலியார். அவர் கொழும்பில் வாழ்ந்தவர்.

இச்சபையை இலங்கையின் சனநாயகத்தின் விதை எனப் பாடநூல்கள் கூறும். விதை என்பதை மறுக்க வேண்டியதில்லை. எவ்வகை விதை என்பதையே ஆராய வேண்டும். யேம்ஸ்ரவுணில் 1619இற் கூடியோர் தம் குடியிருப்புக்களாற் தெரிவுசெய்யப்பட்டோர். கொழும்பிற் கூடியோர் இனத்துக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்து அமர்த்தப்பட்டோர். முன்னைய சபையில் உறுப்பினர் ஓர் இடத்துக்குப் பொறுப்பானவர். பின்னைய சபையில் ஓர் இனத்துக்கு அடையாளமானவர். இடத்தைப் பிரதிநிதித்துவம் செய்யும் முறை இல்லாதபோது, வன்னியைப் போன்ற மக்கள்தொகை குன்றிய பிரதேசம் யாருடைய குரலிலும் ஒலிப்பதில்லை. தமிழருக்கு ஓர் ஆசனம் என்றபோது அது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் செல்வமும் ஆங்கிலக் கல்வியும் பெற்ற குடும்பங்களுக்கு உரியதாயிற்று. பூவரசங்குளத்துக் கமக்காரனுக்கு அதனோடு எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. இனவழிப் பிரதிநிதித்துவம் பின்னாளில் விளைத்த இடர்களுக்கும் இங்கேயே வித்திடப்பட்டது.

கோல்புறூக் இலங்கைப் பணியின் பின்னர் 1841 முதல் 1848 வரை வட அமெரிக்காவின் நியூ பிறன்ஸ்விக் மாகாணத்தில் உப தேசாதிபதியாகப் பணியாற்றினார். அமெரிக்கப் புரட்சியின்போது முடிக்கு விசுவாசமாக இருந்து வெளியேறியோர் பெருந்தொகையாகக் குடியேறியமையால் 1784இல் உருவாக்கப்பட்ட மாகாணம் அது. அங்கே அவர் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றோடு ஒத்துழைக்க வேண்டியிருந்தது. ஒரே அதிகாரி, ஒரே பேரரசு. ஐரோப்பியர் குடியேறிய நாட்டிற் சபை, ஆசியர் வாழ்ந்த நாட்டில் நியமனம். இவ்விரட்டை அளவுகோலை வேறெந்த உதாரணமும் இத்துணைத் தெளிவாகக் காட்டாது.

குளமும் நிலமும்

வன்னியிற் பிரித்தானிய அரசாங்கத்தின் உருவம் சட்டநிரூபண சபை அன்று, அரசாங்க அதிபரே. 1829 முதல் 1867 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வட மாகாண நிருவாகத்தின் தலைமையில் இருந்த டைக், அவருக்குப் பின் 1869 முதல் 1896 வரை ஆண்ட துவைனம் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்தே வன்னியை நோக்கினர். அவர்களின்கீழ் உதவி அரசாங்க அதிபர், மணியகாரர், உடையார், விதானையார் என அதிகாரம் படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் உள்ளவர் மேலே உள்ளவருக்குப் பொறுப்பானவர். கீழே உள்ள மக்களுக்கு எவரும் பொறுப்பானவரல்லர்.

நில உரிமையில் இவ்வாட்சியின் இயல்பு மேலும் தெளிவாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. நிலத்தில் இடையிடையே சேனை செய்து காட்டுக்குத் திருப்பிவிடும் வன்னி மக்களின் வழமைக்கு உறுதி ஏது? எழுத்து ஏது? அமெரிக்காவிலே 1763இன் அரச பிரகடனம் அப்பலாச்சிய மலைக்கு மேற்கேயுள்ள நிலத்தைப் பழங்குடியினருக்கு ஒதுக்கியபோதும், அதனை வழங்கும் உரிமை முடியிடமே என வலியுறுத்தியது. சுதந்திரத்தின்பின் 1787இன் வட மேற்குக் கட்டளைச் சட்டம் அதே வகை நிலங்களைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. முடியாட்சியாயினும் குடியாட்சியாயினும், காட்டு நிலத்தை வெறுநிலமாகக் காணும் பார்வை ஒன்றாகவே இருந்தது.

இவ்விருளில் ஒளிக்கீற்று ஒன்றும் உண்டு. தேசாதிபதி ஹென்றி வோர்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நெற்செய்கை தொடர்பான பழைய வழமைகளுக்கு மீண்டும் வலுவளிக்க முயன்றது. வயலுடையோர் கூட்டங்கூடித் தம் வழமைகளை ஏற்று நடைமுறைப்படுத்த இச்சட்டம் இடமளித்தது. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் இவ்வழியை மேலும் விரித்தது. துருசு எப்போது திறப்பது, குளக்கட்டிற்கு ஒவ்வொருவரும் எவ்வளவு மண் சுமப்பது, மாடுகளை எங்கே கட்டுவது என்பவற்றை ஊரார் கூடித் தீர்மானித்தனர். நியூ இங்கிலாந்தின் ஊர்க்கூட்டங்களை அமெரிக்கச் சனநாயகத்தின் பள்ளிக்கூடம் எனப் போற்றுவர். அதற்கு ஒப்பான பள்ளிக்கூடம் வன்னியின் குளக்கரையில் முன்னரே இருந்தது. பேரரசு அதனை உருவாக்கவில்லை; பிற்காலத்தில், அரைகுறையாக, ஏற்றுக்கொண்டது.

வேறுபாடு யாதெனில், நியூ இங்கிலாந்தின் ஊர்க்கூட்டம் குடியேற்ற நாட்டுச் சபைக்கு ஆளனுப்பியது. வன்னியின் குளக்கரைக் கூட்டம் எந்தச் சபைக்கும் ஆளனுப்பவில்லை. ஊரின் இசைவு ஊரோடு நின்றது. மாகாணமும் நாடும் இசைவின்றியே ஆளப்பட்டன. 1911இன் இறுதியில் இராமநாதன் வென்ற கற்றோர் தொகுதித் தேர்தலில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ மூவாயிரவரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சர்வசன வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டுவரை வன்னிக் கமக்காரனும் அவன் மனைவியும் தம் ஆட்சியாளரைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பெறவில்லை. சட்டநிரூபண சபை அமைந்து அதற்குள் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, வன்னிமைகளின் வீழ்ச்சி வெறும் போர்த்தோல்வியன்று. திறைநாடு வருமான நாடாகவும், வருமான நாடு முடியின் காட்டு நிலமாகவும் மாற்றப்பட்ட நீண்ட நிகழ்வின் தொடக்கம் அது. இரண்டாவது, இலங்கையில் நிறுவப்பட்ட அரசாங்கம் அமெரிக்க இழப்பின் பின்விளைவாக உருவாகிய ஆட்சிமுறையின் ஓர் எடுத்துக்காட்டு. வழமைச் சட்டத்தைக் காத்து, சட்டமியற்றும் உரிமையை மறுத்து, தேசாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்தல் அதன் இலக்கணம். மூன்றாவது, ஊர்மட்டத்திற் கூடித் தீர்மானிக்கும் மரபு வன்னிக்குப் புதியதன்று. மறுக்கப்பட்டது அம்மரபு மேலே செல்லும் வழியேயாகும்.

இம்முடிவுகள் பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 1987இன் மாகாண சபைச் சட்டத்தின்பின் வட மாகாணத்தில் முதலாவது மாகாண சபைத் தேர்தல் 2013 செப்தெம்பரிலேயே நடைபெற்றது. 2018 ஒக்ரோபரில் அச்சபையின் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாது, மாகாண நிருவாகம் ஆளுநரின் கையிலேயே தொடர்ந்தது. ஆளுநர் என்பது தேசாதிபதி என்னும் பழஞ்சொல்லின் இடத்தில் வந்த சொல். சபையின்றி ஆளுநரால் நிருவகிக்கப்படும் மாகாணம் ஒன்றினை 1802இல் வாழ்ந்த பிரித்தானிய அதிகாரி எவரும் வியப்பின்றி அடையாளங் கண்டுகொள்வர். காட்டு நிலம் யாருக்குரியது, குளத்தின் கீழான வயலை யார் பகிர்ந்தளிப்பது என்னும் வினாக்களும் வன்னியில் இன்னும் அடங்கவில்லை.

அமெரிக்கர் தம் அரசியற்றிட்டத்தை வகுத்தபோது யாரை வெளியே நிறுத்தினர் என்பது அந்நாட்டை இன்றளவும் வாட்டும் வினாவாகும். இலங்கையில் அரசாங்கம் வகுக்கப்பட்டபோது ஏறத்தாழ அனைவருமே வெளியே நிறுத்தப்பட்டனர்; பின்னர் ஒவ்வொருவராக உள்ளே அழைக்கப்பட்டனர். அழைக்கப்பட்ட வரிசையும் அழைத்தோர் யார் என்பதும் நமது அரசியலின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிட்டன. வன்னி அவ்வரிசையின் கடைசியில் நின்றது. ஆதலால் வன்னியின் ஊர் வரலாறுகளை, குளங்களின் ஏடுகளை, காணி உறுதிகளை, கச்சேரி நாட்குறிப்புக்களைத் தேடித் தொகுத்தல் நம் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும். ஆளப்பட்டோரின் இசைவு எங்கே கேட்கப்பட்டது, எங்கே கேட்கப்படவில்லை என்பதற்கான சான்றுகள் பூவரசங்குளம் போன்ற ஊர்களிலேயே கிடைத்தற்குரியன.